நீர்வளக் குழுக்களும் மக்கள் தொண்டும்: பட்டிப்பளை ஆற்றுப் படுகை தரும் படிப்பினைகள்

நீரேந்து பிரதேசங்களைப் பேணுவதில் மக்களுக்கும் பங்குண்டு என்பதை இன்று மறுப்பாரில்லை. அரச திணைக்களங்களும் வெளிநாட்டு உதவி நிறுவனங்களும் மக்கள் பிரதிநிதிகளைக் கொண்ட ஆலோசனைக் குழுக்களை அமைக்கின்றன. அவற்றில் அமர்வோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். இவர்களிடமிருந்து சமூகம் பெறுவது உழைப்பை மட்டுமா, கருத்தையுமா என்பதே நாம் இங்கு எழுப்பும் வினா. நமது நாட்டு அனுபவத்தைக் கொண்டே இதற்கு விடை காண முயல்வோம்.

குழுவாகக் கூடி நீரை ஆளும் வழக்கம் ஈழத்துக்குப் புதியதன்று. போகத்துக்கு முன் கமக்காரர் ஒன்றுகூடி, விதைப்பு நாள், நீர் திறக்கும் நாள், வாய்க்கால் துப்புரவு ஆகியவற்றைத் தீர்மானித்தனர். வட்டவிதானை அத்தீர்மானங்களை நடைமுறைப்படுத்தினார். விளைச்சலில் ஒரு பங்கு அவருக்குரிய வேதனமாயிற்று. எனினும் அப்பதவி வசதி படைத்தோர் கையிலேயே பெரும்பாலும் தங்கியிருந்தது என்பதை நாம் மறத்தலாகாது. பழைய கிராமத்தைச் சமத்துவப் பூங்காவாகக் கற்பனை செய்தல் வரலாற்றுக்குப் பொருந்தாது.

பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958 ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டம் வட்டவிதானை முறையை நீக்கி, அதன் பொறுப்புகளைத் தெரிவுசெய்யப்பட்ட பயிர்ச்செய்கைக் குழுக்களிடம் ஒப்படைத்தது. குத்தகைக் கமக்காரனும் நீர் பற்றிய முடிவில் குரல் பெறவேண்டும் என்பது அதன் உட்கிடை. ஆனால், சட்டத்திலிருந்த ஓட்டைகளும் நிலவுடைமையாளரின் எதிர்ப்பும் அக்குழுக்களைத் தளர்த்தின. 1970களின் சட்டங்கள் தெரிவுக்குப் பதிலாக நியமனத்தைப் புகுத்தின. அரசியற் செல்வாக்கு குழுக்களுள் நுழைந்தது. 1979 ஆம் ஆண்டின் கமநல சேவைகள் சட்டத்தின் பின் அப்பொறுப்பு உத்தியோகத்தரிடம் சென்றது. தெரிவு, நியமனம், உத்தியோகம் எனச் சென்ற இப்படிமுறையில், மக்கள் படிப்படியாகத் தம் உரிமையை இழந்தமையை அவதானிக்கலாம்.

இப்பின்னணியிலேயே பட்டிப்பளை ஆற்றின், அதாவது கல்லோயாவின், இடதுகரையில் 1981 இல் தொடங்கிய முயற்சி முக்கியத்துவம் பெறுகின்றது. 1949 இல் நிறுவப்பட்ட கல்லோயா அபிவிருத்திச் சபையின் கீழ் உருவான இத்திட்டம், குடியேற்ற அரசியலோடு பிரிக்கவியலாதவாறு பிணைந்தது. 1956 இல் அங்கு நிகழ்ந்த இனக்கலவரம் தமிழ் மக்களின் நினைவில் ஆழப் பதிந்துள்ளது. வாய்க்காலின் தலைப்பகுதியில் பெரும்பாலும் சிங்களக் குடியேற்றவாசிகளும், கடைப்பகுதியில் தமிழ் பேசும் கமக்காரரும் பயிர் செய்தனர். தலைப்பகுதியில் மிகையாகப் பாய்ந்த நீர் கடைப்பகுதியைச் சென்றடையவில்லை. இங்கு நீர்ப் பங்கீடு வெறும் பொறியியற் பிரச்சினையாக இருக்கவில்லை.

கமநல ஆராய்ச்சி பயிற்சி நிலையமும் அமெரிக்காவின் கோர்னல் பல்கலைக்கழகமும் இணைந்து, பட்டதாரி இளைஞர்களை அமைப்பாளர்களாகப் பயிற்றி அங்கு அனுப்பின. அவர்கள் கமக்காரரிடையே வாழ்ந்தனர். முதலில் யாப்பு எழுதித் தலைவரைத் தெரிந்துவிட்டுப் பின் வேலை தேடும் வழமையான முறையை அவர்கள் தலைகீழாக்கினர். ஒரே வயல் வாய்க்காலிலிருந்து நீர் பெறும் பத்து முதல் இருபது வரையான கமக்காரர் முதலில் கூடி வாய்க்காலைத் துப்புரவு செய்தனர். முறைவைத்து நீர் பாய்ச்சினர். மிஞ்சிய நீரைக் கீழே விட்டனர். பிரதிநிதி அதன் பின்னரே, வாக்கெடுப்பின்றி, யாவரதும் இணக்கத்துடன் தெரிவானார். அவருக்குச் சம்பளமில்லை. வரட்சி மிகுந்த அவ்வாண்டிலேயே, தலைப்பகுதிச் சிங்களக் கமக்காரர் கடைப்பகுதிக்கு நீர் விட்டுக்கொடுத்தமை பதிவாகியுள்ளது.

இது எவ்வாறு கைகூடியது? மூன்று காரணங்களைச் சுட்டலாம். முதலாவது, தொண்டின் பயன் கண்முன்னே தெரிந்தது. காலையில் துப்புரவான வாய்க்காலில் மாலையில் நீர் ஓடியது. இரண்டாவது, பிரதிநிதி தம்மைத் தெரிந்தவர்க்கே பொறுப்புக் கூறவேண்டியவராக இருந்தார். அக்குழு ஒருவரையொருவர் அறியுமளவு சிறியது. மூன்றாவது, மேல்மட்டக் குழுக்களில் உத்தியோகத்தரோடு கமக்காரரும் அமர்ந்தனர். வாய்க்கால் புனரமைப்பின்போது பொறியியலாளர் அவர்களது அறிவைக் கேட்டனர். எவ்விடத்தில் கரை உடையும், எம்மதகு நீரை ஏற்காது என்பதை ஆண்டாண்டாக அவ்வயலில் நிற்பவனே அறிவான்.

இதன் வரையறைகளையும் நாம் மறைத்தலாகாது. அமைப்பாளர் பலர் நிரந்தர நியமனம், குறிப்பாக ஆசிரியத் தொழில், கிடைத்தவுடன் விலகினர். வேலையற்ற பட்டதாரிகளின் நிலையில் இது குறைகூறத்தக்கதன்று. ஆயினும் தற்காலிக உழைப்பின்மீது நிரந்தரப் பணியைக் கட்டவியலாது என்பதை இது காட்டுகின்றது. மேலும், காணி உத்தரவுப்பத்திரம் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே இருந்தமையால், வயலில் உழைத்த பெண்கள் குழுவில் இடம்பெறுவது அரிதாயிற்று. யாவற்றிலும் பாரதூரமானது, நீரைச் சமமாகப் பங்கிட்ட அக்குழுக்கள் நிலப் பங்கீட்டின் அநீதியைத் தொடவில்லை. அவ்வதிகாரம் அவற்றுக்கு இருக்கவுமில்லை. வாய்க்கால் மட்டத்து நல்லுறவு, அரசியற் தீர்வுக்கு மாற்றீடாகாது.

இன்னுமொன்று. இக்குழுக்களின் எல்லை வாய்க்காலின் எல்லையே. நீரேந்து பிரதேசத்தின் எல்லையன்று. சேனாநாயக்க சமுத்திரத்துக்கு நீர் தரும் காட்டைக் காக்கும் நோக்குடன் 1954 இல் கல்லோயா தேசிய வனம் பிரகடனப்படுத்தப்பட்டது. ஆற்றின் ஊற்றுக்களோ அதற்கும் அப்பால், ஊவா மலைப்பகுதியில் உள்ளன. மேட்டில் மரம் அழிந்தால் மழைநீர் மண்ணை அரித்து வரும்; மண் நீர்த்தேக்கத்தில் படியும்; தேங்கும் நீர் குறையும். மேட்டுநிலத்தவனும் வயற்காரனும் ஒரே குழுவில் அமராதவரை, ஒருவன் செய்யும் பாதுகாப்பின் பயனை மற்றவன் அறியான், செலவையும் பகிரான். மலைநாட்டின் நீரேந்து பகுதிகளிலோ, தலைமுறைகளாகத் தேயிலை மலையில் உழைத்தும் நிலவுரிமை பெறாத தோட்டத் தொழிலாளர் வாழ்கின்றனர். சொந்தமில்லாத மண்ணைக் காக்கச் சிரமதானம் செய்யுமாறு அவர்களை அழைப்பதில் உள்ள முரண்பாட்டைத் திட்டமிடுவோர் சிந்தித்தல் வேண்டும்.

எனவே, இத்தகைய குழுவொன்றில் தொண்டாற்ற முன்வரும் எவரும், குறிப்பாகப் பல்கலைக்கழக மாணவர், சில வினாக்களைத் தொடக்கத்திலேயே எழுப்புதல் நன்று. பிரதிநிதிகளைத் தெரிந்தவர் யார்? நீர்மட்டம், செலவு, ஒப்பந்தம் பற்றிய தரவுகள் அவர்களது மொழியில் அவர்களுக்குக் கிடைக்கின்றனவா? குழு கூறும் ஆலோசனை நிராகரிக்கப்பட்டால், காரணத்தை எழுத்தில் கூறத் திணைக்களம் கடமைப்பட்டுள்ளதா? ஒரு நாட்கூலியை இழந்து கூட்டத்துக்கு வருபவருக்கு ஈடு உண்டா? இவற்றுக்கு விடையில்லாத குழு, முன்கூட்டியே எடுக்கப்பட்ட முடிவுக்கு மக்களின் ஒப்பத்தை வாங்கும் கருவியாகிவிடும்.

தொண்டு என்பது அரசின் செலவைக் குறைக்கும் மலிவான உழைப்பன்று. தன் வயலுக்கு வரும் நீர் பற்றிய முடிவில் தன் சொல்லுக்கும் நிறையுண்டு என்று அறிந்தவன், மண்வெட்டியோடு வாய்க்காலுக்கு வரத் தயங்கமாட்டான். பட்டிப்பளை ஆற்றங்கரையில் 1981 இல் நாம் கண்டது இதுவே.