‘சேமிப்பு’ என்னும் சொல்லும் கூரைமேல் மின்தகடும்

சூரிய மின்தகடு விற்க வருவோர் முதலில் உரைக்கும் சொல் ‘சேமிப்பு’. ‘மின்சாரத்தைச் சேமிக்கலாம்’ என்று அவர் கூற, நாமும் தலையசைக்கிறோம். அவர் கருதும் பொருள் ஒன்று. நாம் கொள்ளும் பொருள் பெரும்பாலும் வேறொன்று.

சேமம் என்பது க்ஷேமம் என்னும் வடசொல்லின் தமிழ் வடிவம். நலம், காவல் என்னும் பொருள்களோடு, பின்னாளுக்கெனப் பத்திரப்படுத்துதல் என்பதும் அதற்கு உண்டு. இக்காலத் தமிழில் ஒன்றைத் தேக்கி வைப்பதும் சேமிப்பு; செலவைக் குறைப்பதும் சேமிப்பு. மலாய்மொழியில் முன்னது ‘சிம்பான்’, பின்னது ‘ஜிமாட்’; அங்கே குழப்பமில்லை. இங்கோ, ஊழியர் சேமநிதியிலிருந்து எடுத்த பணத்தைக் கூரைமேல் ஏற்றும் ஒருவர், இனி மின்தடையே இராது என்று நம்பிவிடுகிறார்.

மின்கலம் இணைக்கப்படாத தகடு எதையும் தேக்குவதில்லை. பேராக் ஆற்றின் குறுக்கே 1930 முதல் மின்னளித்துவரும் செண்டெரோ அணை நீரைத் தேக்குகிறது. அதை வேண்டும்போது திறந்துவிடலாம். தகடோ வெயில் பட்ட கணத்தில் தரும் நேர்மின்னோட்டத்தை ‘இன்வெர்ட்டர்’ மாறுமின்னோட்டமாக்கி வீட்டுக்கும், மிஞ்சியதைத் தெருக்கம்பிக்கும் அனுப்புகிறது. பிற்பகல் இடிமழையில் தெருவில் மின்சாரம் நின்றால், பொதுவாக அந்தக் கருவியும் தானே நின்றுவிடும். கம்பியைச் சரிசெய்யும் தொழிலாளியின் உயிரைக் காக்கும் ஏற்பாடு அது. தோட்டத்து லயத்தில் இரவு சில மணி நேரமே ஓடிய மின்னாக்கியை நினைவில் வைத்திருக்கும் நம் தலைமுறைக்கு, ‘சொந்த மின்சாரம்’ என்றதும் அந்த இருட்டிலிருந்து விடுதலை என்றே தோன்றும். அவ்விடுதலையை வேண்டுவோர் மின்கலத்துக்கும், தடையின்போது அதனால் வீட்டை இயக்கவல்ல இணைப்புக்கும் தனியே பணம் ஒதுக்க வேண்டும்.

எனவே மின்கலமில்லாத தகடு தருவது ‘ஜிமாட்’ மட்டுமே. அது எவ்வளவு என்பதை வீட்டின் மின்கட்டணச் சீட்டே சொல்லும். 2025 ஜூன் வரை தீபகற்பத்தில் இருந்த படிநிலைக் கட்டணத்தில் முதல் 200 யூனிட்டுக்கு 21.80 சென், அடுத்த நூற்றுக்கு 33.40, 301 முதல் 600 வரை 51.60, அதற்கு மேல் 900 வரை 54.60. மாதம் 800 யூனிட் செலவழித்த வீடு 341 ரிங்கிட் கட்டியது. நம் நாட்டு வெயிலில் 5 கிலோவாட் தகடுகள் மாதம் ஏறத்தாழ 500 யூனிட் தரும். ஒன்றுக்கு ஒன்று ஈடுசெய்த ‘நெம்’ திட்டத்தில் அவ்வீட்டின் கட்டணம் 77 ரிங்கிட்டாகும், மிச்சம் 264. அமைப்பின் விலை 22,000 ரிங்கிட் எனக் கொண்டால், ஏழாண்டுகளில் முதல் திரும்பும். ஆனால் தாமானில் தனித்து வாழும் ஓய்வுபெற்ற தம்பதியர் 200 யூனிட்டே செலவழித்தால், அவர்தம் முழுக் கட்டணமும் 43.60 ரிங்கிட்தான். அவர்கள் அதே அமைப்பை வாங்கினால் முதல் திரும்ப நாற்பதாண்டுகளுக்கு மேலாகும். (விற்பவர் முதல் வீட்டுக் கணக்கை இரண்டாம் வீட்டிலும் சொல்வதுண்டு.)

2025 ஜூலை முதல் கட்டணச் சீட்டின் சொற்களே மாறின. ஒரே விலையாயிருந்தது ஆற்றல், கொள்திறன், வலையமைப்பு, சில்லறை எனப் பிரிந்தது. மாதம் 1,500 யூனிட்டுக்குட்பட்ட வீடுகளுக்கு முதல் மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென், அதில் ஆற்றலுக்கு மட்டும் 27.03. குறைவாகச் செலவழிப்போருக்குத் தனிக் கழிவும் உண்டு. ‘நெம்’ திட்டத்தை அடுத்து 2026 தொடக்கத்தில் வந்த ‘சோலார் அத்தாப்’ திட்டத்தில், வெளியே அனுப்பும் யூனிட்டுக்கு ஆற்றல் விலை மட்டுமே வரவாகும். நண்பகலில் நாமே பயன்படுத்தும் யூனிட்டோ மூன்று விலைகளையும் தவிர்க்கிறது.

ஆகவே காலையில் வீட்டைப் பூட்டிவிட்டு ஈப்போவுக்கு வேலைக்குச் செல்லும் குடும்பத்தைவிட, அதே அளவு செலவழித்துப் பகலிலும் வீட்டிலிருக்கும் குடும்பத்துக்குத் தகடு கூடுதலாக உதவும். துணி துவைக்கும் இயந்திரத்தையும் குளிரூட்டியையும் இரவிலிருந்து பகலுக்கு மாற்றக்கூடியவர், விலைக்குறிப்பில் கையெழுத்திடும் முன் தம் பகல்நேரச் செலவு எத்தனை யூனிட் என்பதை ஒரு வாரமாவது மீட்டரைப் பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்.