நீலமா, இளஞ்சிவப்பா? மண்தான் சொல்லும்

ஊட்டிப் பக்கம் போனவர்கள் ஹைட்ரேஞ்சாவைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். பந்து பந்தாய் நீலம்! அந்தச் செடியிலேயே ஒரு குச்சியை ஒடித்துச் சுண்ணாம்பு மண்ணில் நட்டால், இளஞ்சிவப்பாகப் பூக்கும். அமில மண்ணில், அதாவது பிஎச் அளவு 5.5-க்குக் கீழே இருந்தால், அலுமினியம் கரைந்து வேர்வழியே ஏறுகிறது, பூ நீலமாகிறது. வெள்ளை ரகங்களுக்கு இந்த வித்தை தெரியாது.

கிட்டப்போய்ப் பாருங்கள்: இதழ் என்று நாம் நினைப்பது புல்லிதழ், நிஜப் பூ நடுவே கடுகளவுதான்.

பெரிய கொத்துக்கு ஆசையா? 'அன்னாபெல்' வெள்ளை ரகம் 30 சென்டிமீட்டர் வரைகூட விரியும். அதைக் கவாத்து செய்யலாம், புதுக்கிளையில்தான் பூக்கும். நீல ரகத்தைப் பூ முடிந்த கையோடு வெட்டிவிடுங்கள். தாமதித்தால் அடுத்த வருட மொட்டும் சேர்ந்து போய்விடும்.