வெறுப்புப் பேச்சுச் சட்டம்: நாம் எதைக் கேட்க வேண்டும்?

முஸ்லிம்களுக்கு எதிராக யாராவது மோசமாகப் பேசினால் நமது சமூகத்திலிருந்து உடனே எழும் குரல் ஒன்றுதான்: "ஐ.சி.சி.பி.ஆர். சட்டத்தில் கைது செய்யுங்கள்." 2014 இல் அளுத்கமயும் 2018 இல் திகனயும் எரிந்ததைப் பார்த்த சமூகம் அப்படிக் கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தச் சட்டம் எதைத் தடுக்கிறது, இதுவரை யார் மீது பாய்ந்திருக்கிறது என்பதையும் நாம் பார்க்க வேண்டும் என்பது எனது கருத்து.

2007 ஆம் ஆண்டின் 56 ஆம் இலக்கச் சட்டம் அது. பாகுபாடு, பகைமை அல்லது வன்முறையைத் தூண்டும் விதத்தில் தேசிய, இன, மத வெறுப்பைப் பரப்புவதை அதன் 3 ஆம் பிரிவு தடை செய்கிறது. தண்டனை 10 வருடங்கள் வரையிலான கடூழியச் சிறை. நீதவான் பிணை வழங்க முடியாது. விசேட காரணங்கள் இருந்தால் மேல் நீதிமன்றம் மட்டுமே வழங்கலாம்.

இங்கே முக்கியமான சொல் 'தூண்டுதல்'. மனம் புண்பட்டது என்பது மட்டும் இச்சட்டத்தின் கீழ் குற்றமாகாது. மத உணர்வுகளை வேண்டுமென்றே புண்படுத்துவதற்குத் தண்டனைச் சட்டக்கோவையில் 291அ பிரிவு தனியாக உண்டு.

நடைமுறை எப்படி இருந்தது? 2019 இல் சிங்கள எழுத்தாளர் ஷக்திக சத்குமார ஒரு சிறுகதைக்காக நான்கு மாதங்கள் விளக்கமறியலில் இருந்தார். 2020 ஏப்ரலில் ரம்ஸி ராஸிக், பேனாவையும் கீபோர்டையும் கொண்டு கருத்தியல் ஜிஹாத் செய்ய வேண்டும் என்று முகநூலில் எழுதினார். ஒரு வாரத்தில் கைது. ஐந்து மாதங்களுக்கு மேல் தடுப்பு. அவரது அடிப்படை உரிமைகள் மீறப்பட்டதாக உயர் நீதிமன்றம் 2023 நவம்பரில்தான் தீர்ப்பளித்தது. மறுபுறம், ஞானசார தேரர் 2016 இல் இஸ்லாத்தைப் பற்றிக் கூறிய கருத்துக்காக மேல் நீதிமன்றம் தண்டனை வழங்கியது 2024 இல்.

ரம்ஸியைச் சிறைக்கு அனுப்பியது 'ஜிஹாத்' என்ற ஒற்றைச் சொல். அல்குர்ஆனின் 25:52 வசனம் 'பெரும் ஜிஹாத்' செய்யுமாறு நபியவர்களைப் பணிக்கிறது. அது மக்காவில் இறங்கிய வசனம். அப்போது போருக்கு அனுமதியே இருக்கவில்லை. குர்ஆனைக் கொண்டு செய்யும் ஜிஹாத் என்றே இப்னு அப்பாஸ் (ரழி) அதற்கு விளக்கமளித்திருக்கிறார்கள்.

ஆனால் சொல்லைச் சூழலிலிருந்து வெட்டுபவர்கள் வெளியில் மட்டும் இல்லை. தீவிரவாதிகள் அதிகம் காட்டும் வசனம் 9:5. ஒப்பந்தத்தைப் பேணியவர்களுக்கு அதிலிருந்து விலக்களிக்கும் 9:4 ஐயும், அடைக்கலம் தேடி வரும் இணைவைப்பாளரைப் பாதுகாப்பான இடத்தில் சேர்க்கச் சொல்லும் 9:6 ஐயும் அவர்கள் வாசிப்பதில்லை. 2019 ஏப்ரல் 21 இல் 250 க்கும் மேற்பட்ட உயிர்களைப் பறித்தவர்களிடமும் இந்த வெட்டும் வாசிப்பே இருந்தது. இஸ்லாத்தை வன்முறை மார்க்கம் என்று பிரசாரம் செய்வோரும் அதே வசனத்தை அதே முறையில்தான் வெட்டுகிறார்கள்.

வெறுப்புப் பேச்சை அளவிட, ஐ.நா.வின் ரபாத் செயற்திட்டம் ஆறு விடயங்களைப் பார்க்கச் சொல்கிறது: சூழல், பேசியவரின் செல்வாக்கு, நோக்கம், உள்ளடக்கம், பரவல், தீங்கு நிகழும் சாத்தியம். அஸ்பாபுன் நுஸூலும் முன்பின் வசனங்களும் பார்த்துத் தப்ஸீர் சொல்லும் நமது உலமாக்களுக்கு இந்த முறை அந்நியமானதல்ல.

ஆகவே நாம் கேட்க வேண்டியது, பேசியவர் யாராக இருந்தாலும் இந்த ஆறையும் பார்த்த பின்னரே கைது என்பதைத்தான். முறைப்பாடு செய்பவர்கள் வெட்டிய வீடியோத் துண்டை அன்றி முழு உரையையும், திகதியையும், இடத்தையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். நமக்குள் இருக்கும் ஜமாஅத் முரண்பாடுகளுக்கு இச்சட்டத்தைக் கையில் எடுக்கவே கூடாது. 9:5 போன்ற வசனங்களைக் குத்பாவில் தவிர்த்துவிடாமல், முன்னும் பின்னும் சேர்த்து நமது பிள்ளைகளுக்கு விளக்க வேண்டும். நாம் விளக்காவிட்டால் அவர்கள் அதை இணையத்தில் யாரோ ஒருவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்வார்கள்.