பட்டினத்து நடுவே ஆந்தைகள்

ஆந்தை அலறினால் வீட்டில் சாவு விழும் என்று நமது கிராமங்களில் சொல்வார்கள். ஐரோப்பாவில் உள்ள சேர்பியா நாட்டுக் கிராமங்களிலும் இதே பயம் பரம்பரை பரம்பரையாக இருந்து வந்தது. ஆயினும் இன்று அதே நாட்டின் ஒரு பட்டினத்துக்கு, ஆந்தைகளைப் பார்ப்பதற்கென்றே, கடுங்குளிரையும் பொருட்படுத்தாது பிற நாட்டவர்கள் வருகிறார்கள்.

அப்பட்டினத்தின் பெயர் கிகிந்தா. அது சேர்பியாவின் வடபகுதியில், ருமேனிய எல்லைக்கு அண்மையில் இருக்கிறது. சுற்றிவரக் கோதுமையும் சோளமும் விளையும் சமவெளி. நவம்பர் தொடக்கம் மார்ச் வரை பட்டினத்தின் மத்திய சதுக்கத்து மரங்களில் நெட்டைக்காது ஆந்தைகள் கூட்டங்கூட்டமாகத் தங்குகின்றன. 2009ஆம் ஆண்டில் ஒரே தடவையில் 743 ஆந்தைகளை எண்ணினார்கள்.

ஆந்தைகள் உறங்கும் பகல் வேளையில்தான் பயணிகள் அவற்றைத் தேடிப் பார்க்கிறார்கள். மரத்தடியில் வெள்ளை எச்சம் கிடந்தால் மேலே பார்க்க வேண்டும். மரப்பட்டையின் நிறத்திலே அசையாமல் அமர்ந்திருக்கும். தலையில் காதுகள் போல் நிற்பவை வெறும் இறகுக் குஞ்சங்களே. கிளையை ஆட்டாமலும் சத்தமிடாமலும் பார்ப்பதே இப்பயணத்தின் ஒழுங்கு. பொழுதுபட்டதும் அவை ஒவ்வொன்றாக, ஓசையின்றி, வயல்வெளியை நோக்கிப் பறந்து போகும்.

அவை ஏன் பட்டினத்தில் தங்குகின்றன? வெட்டவெளியைவிட அங்கே குளிர்காற்றுக்கு ஒதுக்கிடம் உண்டு. எதிரிகளின் தொல்லையும் குறைவு. இரையோ அருகிலுள்ள வயல்களிலே கிடைக்கிறது.

அந்த இரை பெரும்பாலும் வயல் எலிகளே. ஆந்தை எலியை விழுங்கியபின், செமிக்காத எலும்பையும் மயிரையும் உருண்டையாகக் கக்கிவிடும். அந்த உருண்டையைப் பிரித்துப் பார்த்தால் அது எதைத் தின்றது என்பதைப் பாடசாலைப் பிள்ளையும் அறிந்துகொள்ளும். நாம் சாவுப் பறவை என்று விரட்டுவது உண்மையில் கூலி கேட்காத இராக்காவலாளியையே.

சேர்பிய மொழியில் ஆந்தைக்குச் 'சோவா' என்று பெயர். எனவே கிகிந்தா மக்கள் நவம்பர் மாதத்தைச் 'சோவெம்பர்' என்று அழைத்து விழா எடுக்கிறார்கள். அஞ்சிய பறவையே இன்று ஊருக்குப் பெருமை.

எனினும் ஓர் ஆபத்து எங்கும் உண்டு. எலிக்கு வைத்த நஞ்சு எலியோடு நின்றுவிடுவதில்லை. நஞ்சுண்ட எலியைத் தின்ற ஆந்தையும் மடியும். எலி சில மாதங்களில் மீண்டும் பெருகிவிடும். நெட்டைக்காது ஆந்தையோ பெரும்பாலும் வருடத்துக்கு ஒரு தடவைதான் குஞ்சு பொரிக்கும். ஆந்தைகள் அழிந்த வயலில் இலாபம் எலிக்கே.

நமது மரப்பொந்துகளிலும் பாழடைந்த வீடுகளிலும் வாழும் வெள்ளை முகத்து ஆந்தையும் எலி தின்றே வாழ்கிறது. பற்றை பிடித்த காணியைத் துப்புரவாக்கும்போது பொந்துள்ள பழைய மரம் ஒன்றையாவது விட்டுவைப்போம். இரவில் அதன் குரல் கேட்டால் பிள்ளைகளைப் பயமுறுத்தாமல், வயலுக்குக் காவல் வந்துவிட்டது என்று சொல்லிக் கொடுப்போம்.