தங்க அட்டைக்கு இருபது கிலோ

விமானக் கம்பெனிகள் அடிக்கடி பறப்பவர்களுக்குக் கொடுக்கும் தங்க அட்டையின் மதிப்பை எங்கள் ஊரில் கிலோவில் சொல்லிவிடலாம். இருபது கிலோ. திருச்செங்கோட்டுப் போர்வெல் ரிக்காரர்கள் கணக்கில் அது ஒரு பட்டன் பிட். ஆறரை இஞ்ச் போர் போடுகிற பிட் ஒன்று ஏறக்குறைய அந்த எடைதான் இருக்கும்.

நான் செய்வது ரிக் வண்டிகளுக்கு ஸ்பேர் விற்பதும் சர்வீஸ் பார்ப்பதும். மத்தியப் பிரதேசத்துக் கிராமம் ஒன்றில் டி.என். 34 என்ற நம்பரோடு ரிக் நின்றால் அங்கே யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. திருச்செங்கோட்டு வண்டி போகாத மாநிலம் குறைவு. கப்பலில் ஏறி ஆப்பிரிக்கா போன வண்டிகளும் உண்டு. கென்யாவிலோ தான்சானியாவிலோ ஹைட்ராலிக் சீல் ஒன்று போய்விட்டால் அத்தனை பெரிய வண்டியும் சும்மா நிற்கும். ஆள் சம்பளம், டீசல், வட்டி எதுவும் நிற்காது. கார்கோவில் அனுப்பினால் வந்து சேரும் நாளை யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது. அதனால் பில்லைக் கையில் வைத்துக்கொண்டு, சாமானைப் பெட்டியில் போட்டுக்கொண்டு நானே கிளம்பிவிடுவேன். போய் இறங்கும் ஊரில் கட்ட வேண்டிய வரியைக் கட்டிவிட்டு வெளியே வருவேன். இப்படிப் போய்ப் போய்த்தான் அட்டை வந்தது. ஷாம்பெயினும் சாய்வு நாற்காலியும் பார்த்து யாராவது இந்த அட்டைக்கு ஆசைப்பட்டால் எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வரும்.

அட்டை எப்படிக் கிடைக்கிறது என்பதில் பலருக்குக் குழப்பம் இருக்கிறது. மைல்களில் இரண்டு வகை. ஒன்று செலவழிக்கிற மைல். அதைக் கொடுத்து இலவச டிக்கெட் வாங்கலாம், வரியை மட்டும் நாம் கட்ட வேண்டும். இன்னொன்று தகுதி மைல். அதைக் கொடுத்து எதுவும் வாங்க முடியாது, நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று காட்ட மட்டும்தான் அது. சிங்கப்பூர் ஏர்லைன்ஸின் கிரிஸ்ஃப்ளையரில் 12 மாதத்தில் 25,000 தகுதி மைல் சேர்த்தால் வெள்ளி, 50,000 சேர்த்தால் தங்கம். எமிரேட்ஸிலும் வெள்ளிக்கும் தங்கத்துக்கும் அதே எண்கள்தான், பிளாட்டினத்துக்கு 1,50,000. படி ஏறினால் ஏறியதுதான் என்று நினைக்கக் கூடாது. அந்தக் காலக்கெடு முடிவதற்குள் மறுபடியும் அதே அளவு பறக்கவில்லை என்றால் கீழே இறக்கிவிடுவார்கள். ஒரே விமானத்தில் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்திருக்கும் இருவருக்கு ஒரே மைல் கிடைக்கும் என்பதும் இல்லை. மலிவு டிக்கெட்டுக்குப் பறந்த தூரத்தில் ஒரு பங்குதான் எழுதுவார்கள்.

இதைப் பெரிய அளவில் ஆரம்பித்தது அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 1981 மே 1 அன்று. அதற்கு மூன்று வருடம் முன்னால்தான் அமெரிக்க அரசு விமானக் கட்டணத்தின் மேல் வைத்திருந்த பிடியை விட்டிருந்தது. கம்பெனிகள் போட்டி போட்டுக்கொண்டு விலையைக் குறைத்தன. பயணி எங்கே குறைவோ அங்கே ஓடினார். அவரைக் கட்டிப்போட ஒரு கயிறு வேண்டியிருந்தது. சில நாட்களிலேயே யுனைடெட் நிறுவனமும் தன் திட்டத்தை அறிவித்தது. 1997ல் ஐந்து கம்பெனிகள் சேர்ந்து ஸ்டார் அலையன்ஸ் என்று கூட்டணி அமைத்தபோது கயிறு இன்னும் நீளமானது. ஒரு கம்பெனியில் சேர்த்த தகுதியை இன்னொன்றில் காட்டலாம் என்றானது. 2011 டிசம்பரில் எத்தியோப்பியன் ஏர்லைன்ஸ் அந்தக் கூட்டணிக்குள் வந்தது, 2014 ஜூலையில் ஏர் இந்தியா வந்தது. ஆடிஸ் அபாபா வழியாக ஆப்பிரிக்கா போய்வருகிற எங்களைப் போன்றவர்களுக்கு இந்த இரண்டும் முக்கியமான தேதிகள். கூட்டணியில் எந்தக் கம்பெனியின் தங்க அட்டை இருந்தாலும், எடைக் கணக்கு உள்ள டிக்கெட்டில் 20 கிலோ கூடுதலாகக் கொண்டுபோகலாம். பெட்டிக் கணக்கு என்றால் இன்னொரு பெட்டி.

போகப் போக, விமானம் ஓட்டுவதைவிட மைல் விற்பது நல்ல தொழில் என்று கம்பெனிகள் கண்டுகொண்டன. கிரெடிட் கார்டு தேய்த்தால் மைல் என்று வங்கிகள் கொடுக்கின்றன அல்லவா, அந்த மைல்களை வங்கிகள் ரொக்கம் கொடுத்து விமானக் கம்பெனியிடம் வாங்குகின்றன. 2020ல் கொரோனாவில் விமானங்கள் தரையில் நின்றபோது யுனைடெட் நிறுவனம் தன் மைல் திட்டத்தை அடமானம் வைத்துக் கடன் திரட்டியது. அந்தத் திட்டத்துக்குப் போட்ட மதிப்பு சுமார் 2,190 கோடி டாலர். விமானம், பெயர் எல்லாம் சேர்த்து மொத்தக் கம்பெனிக்கும் பங்குச் சந்தை அன்று கொடுத்த மதிப்பு ஏறக்குறைய அதில் பாதி.

சீட்டும் ஃபைனான்ஸும் தெரிந்த ஊர் எங்களுடையது. அந்தக் கண்ணால் பார்த்தால் இதிலிருக்கும் கோளாறு சட்டென்று தெரியும். சீட்டில் ஏலம் எவ்வளவு தள்ளிப் போனாலும் லட்ச ரூபாய்ச் சீட்டு லட்ச ரூபாய்ச் சீட்டுதான். இங்கே கம்பெனிக்காரர் பாதியில் விதியை மாற்றி, நேற்று வரை 30,000 மைலுக்குக் கொடுத்த டிக்கெட்டுக்கு இன்று 40,000 கேட்கலாம். அதற்கு இடம் வைத்துத்தான் விதிமுறையே எழுதியிருக்கிறார்கள். 2024 ஏப்ரலில் ஏர் இந்தியா, பறந்த தூரத்தைப் பார்ப்பதை விட்டுவிட்டுக் கட்டிய பணத்துக்கு ஏற்பப் புள்ளி கொடுக்கும் முறைக்கு மாறியது. அமெரிக்கக் கம்பெனிகள் சில வருடங்களுக்கு முன்பே மாறிவிட்டன. தூரம் ஒரு பொருட்டில்லை என்றால் அதை மைல் என்று சொல்வதே வெறும் பழக்கதோஷம்தான். அதனால் நான் மைலைச் சேர்த்து வைப்பதில்லை. ஒரு டிக்கெட்டுக்கு ஆனதும் எடுத்துவிடுவேன்.

கம்பெனியே போய்விட்டால்? இந்தியாவில் அதையும் பார்த்தாகிவிட்டது. கிங்ஃபிஷரின் உரிமம் 2012 அக்டோபரில் நிறுத்தி வைக்கப்பட்டது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரல் 17 அன்று கடைசியாகப் பறந்தது. ஜெட்டில் ஒரு வேடிக்கை. அதன் மைல் திட்டம் எதிஹாட்டுக்குப் பாதிக்கு மேல் பங்குள்ள தனிக் கம்பெனியாக இருந்ததால், விமானம் நின்ற பிறகும் அது சாகவில்லை. அந்த வருடமே இன்டர்மைல்ஸ் என்று பெயரை மாற்றிக்கொண்டு நடந்தது. இண்டிகோ பக்கம் வந்தால், 2006ல் பறக்க ஆரம்பித்த கம்பெனி 2024 வரை இப்படி ஒரு திட்டமே இல்லாமல் உள்நாட்டுப் பயணிகளில் பாதிக்கு மேற்பட்டவர்களைப் பிடித்து வைத்திருந்தது. நேரத்துக்குக் கிளம்பி, டிக்கெட் விலையும் கட்டுபடியானால் அட்டையைப் பற்றி யாரும் கேட்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

எங்கள் சேலம் விமான நிலையத்தின் கதையைச் சொன்னால் இது இன்னும் விளங்கும். ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் 1993ல் திறந்தார்கள். என்இபிசி கொஞ்ச நாள் ஓட்டியது, கூட்டம் இல்லை என்று நின்றது. 2009ல் கிங்ஃபிஷர் வந்து போனது. 2018 மார்ச் 25 அன்று உடான் திட்டத்தில் ட்ரூஜெட் வந்தது, அதுவும் போனது. 2023 அக்டோபரில் அலையன்ஸ் ஏரும் இண்டிகோவும் வந்த பிறகுதான் பெங்களூரும் சென்னையும் மறுபடி கிட்டத்தில் வந்தன. விமானம் இருக்கிறதா என்பதே கேள்வியாக இருந்த ஊரில் வெள்ளி எது, தங்கம் எது? பல வருடம் எங்களுக்கு விமான நிலையம் என்றால் தொப்பூர் கணவாய் ஏறி, ஓசூர் தாண்டி, பெங்களூர் நகரத்தையும் கடந்து போகிற தேவனஹள்ளிதான்.

கமலாபுரத்துக்கு வருவது ஏடிஆர் என்கிற சிறிய விமானம். ஓடுபாதை சுமார் 1,800 மீட்டர். பெரிய ஜெட்டுக்குப் போதாது. ஏடிஆரில் பயணிகள் ஏறும் கதவு வாலுக்குப் பக்கத்தில் இருக்கிறது, முன்னால் இருப்பது சாமான் கதவு. பெரிய விமானத்தில் அட்டைக்காரருக்கு முன்வரிசை கொடுப்பது மரியாதை, முதலில் இறங்கலாம். இந்த வண்டியில் முன்வரிசைக்காரர் கடைசி ஆளாக இறங்குவார். பின்னால் டிக்கெட் கிடைத்த புது மாப்பிள்ளை அதற்குள் காரில் ஏறியிருப்பார்.

லவுஞ்ச் பற்றிக் கேட்பவர்கள் அதிகம். நம் ஊர்களில் இன்று லவுஞ்சுக்குள் போக விமான அட்டை தேவையில்லை. வங்கி கார்டில் இரண்டு ரூபாய் தேய்த்தால் போதும் என்றாகி, காலை நேரத்தில் கல்யாணப் பந்தி மாதிரி வாசலில் வரிசை நிற்கிறது. அட்டைக்கு மதிப்பு உள்ளது வெளிநாட்டு விமான நிலையங்களில்தான், அதுவும் நடு ராத்திரியில் விமானம் தாமதமானால். ஆப்பிரிக்காவில் ஒரு பெரிய நிலையத்தில் அப்படி ஒரு ராத்திரி. எடப்பாடி, சங்ககிரி பக்கத்துப் பையன்கள் மூன்று பேர், ரிக்கில் இரண்டு வருட கான்ட்ராக்ட் முடிந்து ஊர் திரும்புகிறவர்கள், அதே விமானத்துக்காகக் காத்திருந்தார்கள். ஸ்டார் தங்க அட்டைக்கு ஒரே ஒரு விருந்தாளிதான்.

“ஒரு ஆளு எங்கூட உள்ள வரலாம்ப்பா. யாரு வர்றீங்க?” என்றேன்.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மூத்தவன் சொன்னான்: “நீங்க போயிட்டு வாங்கண்ணா. இங்க ப்ளக் பாயின்ட் புடிச்சிருக்கறம். போனுல சார்ஜ் ஏத்தி ஊட்டுக்குச் சொல்லோணும்.”

நான் போய்க் குளித்துக் காபி குடித்துவிட்டு வந்தேன். மூன்று பேரும் பெட்டியில் தலைவைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு தடவையில் அவர்கள் பறக்கும் தூரம் நான் பறக்கும் தூரத்துக்குக் குறைந்ததில்லை. ரிக் முதலாளி எடுத்துத் தருவது இருப்பதிலேயே மலிவான டிக்கெட், அதுவும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை. எத்தனை வருடம் வேலை செய்தாலும் அந்தக் கணக்கில் தங்கம் வராது. என் டிக்கெட்டும் என் சொந்தக் காசு என்று சொல்ல முடியாது. கடைசியில் அது சர்வீஸ் பில்லில் ஏறிவிடும்.

ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறவனுக்கு இதையெல்லாம்விடப் பெரிய அட்டை ஒன்று உண்டு. மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி போட்டதற்கான அட்டை. கிண்டி கிங் இன்ஸ்டிட்யூட்டில் போட்டுக்கொள்ளலாம். போட்டு 10 நாள் கழித்துத்தான் செல்லும்; 2016 ஜூலையிலிருந்து ஒருமுறை போட்டால் ஆயுசுக்கும் போதும். அது இல்லாமல் அந்த நோயுள்ள நாட்டிலிருந்து வந்து இறங்கினால் ஆறு நாள் வரை தனியே வைத்துவிடுவார்கள். அங்கே பிளாட்டினத்தைக் காட்டினாலும் செல்லாது. அந்தப் பையன்கள் மூவரும் அதைப் பாஸ்போர்ட்டோடு ரப்பர் பேண்ட் போட்டு வைத்திருந்தார்கள்.

இந்த வருடம் எனக்குத் தங்கத்துக்குக் கொஞ்சம் மைல் குறைகிறது. என் மகன் லாப்டாப்பில் பார்த்துவிட்டு, டிசம்பருக்குள் வேலை எதுவும் இல்லாமல் சும்மா ஒரு சுற்றுப் போய்வந்தால் தகுதி நிற்கும் என்றான். அமெரிக்காவில் இதற்காகவே பறக்கிறவர்கள் இருக்கிறார்களாம். கணக்கு எழுதும் பெரியவர் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு கேட்டார்: “ஏனுங்க, அந்தக் காசுக்கு வருசம் முச்சூடும் லக்கேஜ் சார்ஜு கட்டிப்போட்டா ஆகாதுங்களா?”

கூட்டிப் பார்த்தோம். லக்கேஜ் கட்டியது போக மிச்சமும் இருந்தது. அடுத்த வருடம் எனக்கு வெள்ளி அட்டை.