அழித்த படம் எப்படித் திரும்பி வருகிறது?

மெமரி கார்டில் இருக்கும் கல்யாணப் படங்களை அழித்தாலும் அவை உடனே மறைவதில்லை. எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்று சொல்லும் அட்டவணை ஒன்று அதில் உண்டு. ‘ஃபேட்’ என்ற கோப்பு முறையில், அழிக்கும்போது அந்த அட்டவணையில் கோப்புப் பெயரின் முதல் எழுத்து மாற்றப்படும். கோப்பு பிடித்திருந்த இடம் ‘காலி’ என்று குறிக்கப்படும். அவ்வளவுதான். படத்தின் தரவு அப்படியே கிடக்கும். முழுவதையும் துடைக்க நேரமாகும் என்பதால் இந்தச் சோம்பேறித்தனம். நமக்கு அது நல்லதாகப் போயிற்று.

அட்டவணையே சிதைந்தாலும் வழியுண்டு. எந்த ஜேபெக் படமும் எஃப்எஃப், டி8 என்ற இரண்டு பைட்டுகளில்தான் தொடங்கும். ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருள்கள் கார்டு முழுவதும் இத்தகைய தொடக்கங்களைத் தேடி எடுக்கின்றன. பழைய பெயர் பெரும்பாலும் கிடைக்காது, படம் கிடைக்கும். துண்டு துண்டாகச் சிதறி எழுதப்பட்ட கோப்பு என்றால் பாதிப் படம்தான் மிஞ்சலாம்.

ஆகவே, அழிந்தது தெரிந்ததும் அந்தக் கார்டில் ஒரு படம்கூட எடுக்கக் கூடாது. அழிந்தது கணினி வட்டில் என்றால், மீட்கும் மென்பொருளையும் அதே வட்டில் நிறுவக் கூடாது. காலி இடத்தில் புதிதாக எழுதினால் பழையது போயே போச்சு. எஸ்எஸ்டி வகைக் கணினி வட்டில் கதையே வேறு: ‘ட்ரிம்’ என்ற கட்டளை வந்ததும் அது அந்த இடத்தைத் தானே துடைக்கத் தொடங்கிவிடும். அங்கே அவசரப்பட்டும் பெரும்பாலும் பயனில்லை.