24 வரிக்குள் ஒரு சர்வர்

சர்வர் திணறத் தொடங்கினால் அதைப் பராமரிப்பவர் பெரும்பாலும் முதலில் தட்டும் கட்டளை 'டாப்'. 1984-இல் வில்லியம் லெஃபெவர் யூனிக்ஸுக்காக எழுதியது. லினக்ஸில் இன்று ஓடுவது தனியாக எழுதப்பட்ட நிரல் என்றாலும் திரை ஏறக்குறைய அதேதான். மேலே ஐந்து வரிகளில் சுமை, புரோசஸ்களின் எண்ணிக்கை, சிபியு நேரம் போகும் வழி, நினைவகம், ஸ்வாப். கீழே புரோசஸ் பட்டியல். சிபியுவை அதிகம் தின்பது முதலிடத்தில். அந்தக் காலத்து டெர்மினலில் மொத்தமே 24 வரி. மேற்பகுதியும் செய்தி வரியும் தலைப்பும் போக மிஞ்சுவது 17. நூற்றுக்கணக்கில் புரோசஸ்கள் ஓடுகையில் 17 மட்டும் தெரிவது குறையாகத் தோன்றலாம். என் கணக்கில் இத்திரையின் பலமே அந்த நெருக்கடிதான். எல்லாவற்றையும் காட்ட இடமில்லாததால், எது முன்னால் வரவேண்டும் என்பதை எழுதியவரே முடிவுசெய்ய வேண்டியிருந்தது.

இது இந்த நொடியை மட்டும் காட்டுகிறது, ஏற்ற இறக்கம் தெரிய வரைபடம் வேண்டாமா என்று கேட்பார்கள். முதல் வரியின் கடைசி மூன்று எண்களைப் பாருங்கள். அவை கடந்த 1, 5, 15 நிமிடங்களின் சராசரிச் சுமை. 8, 5, 2 என்றிருந்தால் நெருக்கடி ஏறுகிறது; 2, 5, 8 என்றால் தணிகிறது. வரைபடம் சொல்லவேண்டியதில் பாதியை மூன்று எண்கள் சொல்லிவிடுகின்றன. வெறும் எழுத்துகள் என்பதால் மந்தமான இணைப்பிலும் வந்து சேரும்.

இதைவிட வலுவான ஆட்சேபம் ஒன்று உண்டு: பட்டியலில் முதலில் நிற்பதுதான் குற்றவாளி என்றில்லை. லினக்ஸ், டிஸ்க்குக்காகக் காத்துக் கிடக்கும் புரோசஸ்களையும் சுமையில் சேர்த்தே எண்ணுகிறது. எனவே சுமை 20-ஐத் தொட்டும் சிபியு சும்மா இருக்கலாம். காத்திருப்பவை சிபியுவைத் தொடாததால் 17 வரிக்கும் கீழே மறைந்துபோகும். ஆட்சேபம் நியாயமானதே. ஆனால் அதற்கான துப்பு மூன்றாவது வரியிலேயே, காத்திருப்புச் சதவீதமாக, இருக்கிறது. மேலிருந்து கீழே படிப்பவருக்கு அது சிக்கும். புதியவர் கண் நேரே பட்டியலுக்குத் தாவுவதுதான் சங்கடம். 2004-இல் ஹிஷாம் முகம்மது தொடங்கிய 'எச்டாப்' ஒவ்வொரு கோருக்கும் வண்ணப் பட்டை போட்டது, பட்டியலைக் கீழே நகர்த்தவும் விட்டது. அழகான திரைதான். ஆனால் அமைப்பில் போய் விரிவான சிபியு நேரத்தை இயக்காதவரை அந்தப் பட்டைகள் டிஸ்க் காத்திருப்பைத் தனியே காட்டுவதில்லை. டிஸ்க் திணறும் சர்வரில் பட்டைகள் காலியாகவே தெரியும்.